மெடிக்கல் ரெப் வேலைக்கு மாதிரிக் கடிதம் உதவாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்பு இணைப்பில் அண்மையில் மருந்து நிறுவனங்களில் விற்பனைப் பிரதிநிதி ஆவது பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதன் கீழே, விண்ணப்பத்தோடு வைத்து அனுப்புவதற்கென்று ஒரு மாதிரிக் கடிதமும் இருந்தது. கட்டுரையில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மாதிரிக் கடிதம்தான் என்னை எழுத வைத்தது. அதைப் பார்த்தெழுதி அனுப்பும் பிள்ளைகளில் மிகப் பலருக்கு நேர்முகத் தேர்வுக்கான அழைப்பே வராது. ஏன் வராது, எப்படி எழுதினால் வரும் என்று சொல்ல எனக்குச் சற்று இடம் தர வேண்டுகிறேன்.

நான் திருச்சியில் மெடிக்கல் ரெப் ஆகச் சேர்ந்து, ஏரியா மேனேஜராகி, ஓய்வுபெற்றவன். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் பகுதிகளுக்கு ஆள் எடுத்திருக்கிறேன். எடுத்த பிள்ளைகளின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மணப்பாறைக்கும் துறையூருக்கும் போய், அவர்கள் டாக்டர் முன்னால் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். வேலை கேட்டு வந்த கடிதங்களைப் படிப்பதும் அந்தப் பொறுப்பில் ஒரு பகுதி. இப்போதும் எங்கள் தெருப் பிள்ளைகள், பழைய சகாக்களின் பிள்ளைகள் அனுப்பும் முன் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நன்றாகப் படித்த, வாய் திறந்தால் தெளிவாகப் பேசுகிற பிள்ளை, கடிதத்தில் மட்டும் யாரோ ஒருவராக மாறிவிடுவதைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

அந்தக் கடிதத்தை யார் படிக்கிறார் என்பது முதலில் தெரிய வேண்டும். மும்பையிலோ அகமதாபாத்திலோ தலைமை அலுவலகத்தில் ஒருவர் மேசைமுன் அமர்ந்து நிதானமாகப் படிப்பார் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். ரெப் வேலைக்கு முதலில் ஆளைப் பொறுக்குபவர் பெரும்பாலும் அந்தப் பகுதியின் ஏரியா மேனேஜர்தான். அலுவலகத்தின் ஒப்புதல் எல்லாம் அதற்குப் பிறகு. அவருக்கென்று அறையும் கிடையாது, மேசையும் கிடையாது. தில்லைநகரில் ஏதாவது ஒரு கிளினிக் வாசலில், டாக்டர் நோயாளிகளைப் பார்த்து முடித்து ரெப்புகளைக் கூப்பிடும்வரை சுவரோரம் நின்றுகொண்டு, கைபேசியில் படிப்பார். உள்ளே இருந்து கூப்பிட்டால் பாதியில் நிறுத்திவிட்டுப் போவார். திரும்பி வந்து அதே கடிதத்தைத் திறக்கிறாரா, அடுத்ததற்குப் போகிறாரா என்பதை முதல் நான்கு வரிகள் தீர்மானிக்கின்றன.

நாங்கள் டாக்டர் முன்னால் நிற்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். வெளியே இருபது பேர் காத்திருப்பார்கள். மருந்தைப் படங்களோடு விளக்கும் விஷுவல் எய்டைத் திறந்து, இன்ன மருந்து, இன்ன நோயாளிக்கு, இன்ன அளவில், இன்னாருக்குத் தரக் கூடாது, விலை இவ்வளவு என்று சொல்லி முடித்து, கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும். இதைத்தான் டிடெய்லிங் என்கிறோம். வேலை கேட்டு எழுதும் கடிதம் அந்தப் பிள்ளை செய்யும் முதல் டிடெய்லிங். எதிரில் இருப்பவருக்கு நேரமில்லை என்று தெரிந்து, அவருக்கு வேண்டியதை முதலில் சொல்லத் தெரிகிறதா என்றுதான் மேனேஜர் பார்க்கிறார். மாதிரிக் கடிதம் இதில்தான் தோற்கிறது. 'கடின உழைப்பாளி', 'குழுவோடு இணைந்து பணியாற்றுபவன்', 'சிறந்த தகவல் தொடர்புத் திறன் உடையவன்', 'சவால்களை விரும்புபவன்', 'தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்' என்று அதில் ஐந்து வரி இருக்கிறது. ஐந்தில் ஒன்றுகூட அந்தப் பிள்ளையைப் பற்றிய செய்தி இல்லை. மருந்துக்குப் பதிலாக சிமெண்ட் விற்கும் வேலைக்கும் அதே கடிதத்தை அனுப்பலாம். போதாததற்கு, நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பும்போது, ஒரு நிறுவனத்துக்கு வந்த கடிதத்தின் கடைசி வரியில் இன்னொரு நிறுவனத்தின் பெயர் நிற்கும். டாக்டரிடம் போட்டிக் கம்பெனி மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டு வருவதற்குச் சமம் அது.

அப்படியானால் என்ன எழுதுவது? பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எழுதும் முன் ஒரு மருந்துக்கடையில் போய் நில்லுங்கள்.

மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் இருக்கும், அப்போது போகக் கூடாது. மதியம் இரண்டு, மூன்று மணி வாக்கில் போனால் ஃபார்மசிஸ்ட் சற்று ஓய்ந்திருப்பார். 'அண்ணே, ரெப் வேலைக்கு எழுதப் போறேன், கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நிக்கலாமா' என்று கேட்டால் விரட்டுகிறவர்கள் குறைவு. பக்கத்தில் உள்ள டாக்டர் எந்தத் துறை, அவர் சீட்டில் அதிகம் வருவது எந்த வகை மருந்து, ஒரே மருந்தில் எத்தனை பிராண்டுகள் அலமாரியில் இருக்கின்றன, சரக்கு எந்த ஸ்டாக்கிஸ்ட்டிடமிருந்து, அதாவது மொத்த விநியோகஸ்தரிடமிருந்து, வருகிறது, எந்தக் கம்பெனி ரெப் வந்தால் கடைக்காரர் நாற்காலி போடுகிறார், எந்த ரெப்பைப் பார்த்ததும் 'எக்ஸ்பயரி சரக்கை எப்ப எடுக்கப் போறீங்க' என்று சத்தம் போடுகிறார் என்பதெல்லாம் அங்கே நின்றால் தெரிந்துவிடும். காலாவதியான மருந்தைத் திரும்ப எடுப்பதில்தான் கடைக்காரருக்கும் கம்பெனிக்கும் பாதிச் சண்டை. அதை அறிந்து வருகிற பிள்ளை, முதல் மாதமே வேலையை விட்டு ஓட மாட்டான் என்று மேனேஜருக்கு ஒரு நம்பிக்கை வரும்.

ஒரு கடிதம் என் நினைவில் நிற்கிறது. லால்குடிப் பக்கத்துப் பையன். கல்லூரியில் படித்துக்கொண்டே மாலை நேரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்த்தவன். ஆங்கிலம் சுமார்தான், இரண்டு மூன்று இடங்களில் இலக்கணம் தடுமாறியது. ஆனால் நடுவில் ஒரு பத்தி இருந்தது. ஆன்டிபயாட்டிக் சீட்டோடு வருகிறவர்களில் பலர் முழு அட்டையும் வாங்காமல் இரண்டு நாளைக்கு மட்டும் வெட்டித் தரச் சொல்கிறார்கள்; காய்ச்சல் விட்டதும் மீதியை வாங்க வருவதில்லை; ஏன் என்று கேட்டதில் சிலர் காசில்லை என்றார்கள், சிலர் டாக்டர் எத்தனை நாள் என்று சொன்னது மறந்துவிட்டது என்றார்கள்; டாக்டரைப் பார்க்கப் போகும் ரெப், மருந்தை முழு நாளும் சாப்பிட வைப்பதற்கு நோயாளி கையில் தர ஏதாவது கொண்டுபோனால் உதவுமே என்று நினைத்தேன், இதுதான் எழுதியிருந்தான். அந்தப் பத்தியைப் படித்ததும் அவனை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கடையில் எல்லோரும் பார்க்கும் காட்சிதான் அது. இவன் ஏன் என்று கேட்டிருக்கிறான். ரெப் வேலைக்கு வேண்டிய குணத்தில் பாதி அதுதான். எடுத்தோம், நன்றாக வந்தான்.

எல்லோருக்கும் மருந்துக்கடை அனுபவம் இருக்காது. அதனால்தான் நின்று பார்க்கச் சொல்கிறேன். அதோடு, எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறோமோ அதைப் பற்றிக் கொஞ்சம் படிக்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் சர்க்கரை நோய், இதயம், தோல், குழந்தை நலம், எலும்பு என்று டிவிஷன் டிவிஷனாக ஆள் எடுப்பார்கள். விளம்பரத்திலேயே டிவிஷன் பெயர் இருக்கும். சர்க்கரை நோய்ப் பிரிவை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் வில்டாகிளிப்டின் மருந்தின் காப்புரிமை 2019 டிசம்பரில் முடிந்தது. டாபாகிளிஃப்ளோசினுக்கு 2020 அக்டோபரில், சிட்டாகிளிப்டினுக்கு 2022 ஜூலையில், எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில் முடிந்தது. ஒவ்வொன்றும் முடிந்த உடனே பல கம்பெனிகள் தங்கள் பிராண்டைக் கொண்டுவந்தன, விலை இறங்கியது. விளைவு, ஒரே மருந்தை வெவ்வேறு பெயரில் சொல்ல ஒரே கிளினிக் வாசலில் வரிசையாக ரெப்புகள் நிற்கிறார்கள். மருந்து ஒன்றே என்னும்போது டாக்டர் எதை வைத்து ஒருவரின் பிராண்டை எழுதுகிறார்? சரக்கு பக்கத்துக் கடையில் தவறாமல் கிடைக்கிறதா, விலை நோயாளிக்குக் கட்டுப்படியாகிறதா, கேட்ட சந்தேகத்துக்கு ரெப் அடுத்த முறை பதிலோடு வந்தாரா, இவைதான். இதை அறிந்தவர் என்று காட்டும் இரண்டே வரி கடிதத்தில் இருந்தால், படிக்கும் மேனேஜர் நிமிர்ந்து உட்காருவார். நிற்கிறவராக இருந்தால் அடுத்த வரிக்குக் கண்ணைக் கொண்டுபோவார்.

ஆனால் படித்ததையெல்லாம் கொட்டிவிடக் கூடாது. மருந்தியல் பாடம் எழுத வேண்டிய இடம் அது இல்லை. போட்டிக் கம்பெனியின் பெயரைச் சொல்லி அது மட்டம், உங்களுடையது உயர்வு என்று எழுதவும் கூடாது. நேரில் டாக்டரிடமும் அப்படிப் பேசக் கூடாது என்றே விதி இருக்கிறது. அந்த விதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தங்கள் இணைப்பில் வந்த மாதிரிக் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய வரி அதோடு தொடர்புடையது.

'எப்பாடுபட்டாவது மருத்துவர்களைத் திருப்திப்படுத்தி, நிர்ணயித்த இலக்கை அடைவேன்' என்று ஒரு வரி அதில் இருக்கிறது. எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர் அந்த வரியை வேறு விதமாகப் படிப்பார். டாக்டர்களுக்குப் பரிசும் பயணமும் கொடுத்துச் சீட்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அது எங்கள் தொழிலுக்கு வந்த இழிவு என்று ரெப்புகளே வருந்தியிருக்கிறோம். டாக்டர்கள் மருந்து நிறுவனங்களிடம் பரிசு வாங்கக் கூடாது என்று 2009இலேயே இந்திய மருத்துவ கவுன்சில் தன் விதிகளைத் திருத்தியது. அப்படிக் கொடுத்த இலவசங்களை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டிக் கழிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசின் மருந்துகள் துறை, மருந்து விற்பனை மேம்பாட்டுக்கான சீரான நடத்தை விதிகளை வெளியிட்டது. யூ.சி.பி.எம்.பி. என்று தொழிலில் சொல்வோம்.

இந்த வேலைக்கு எழுத நினைக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த விதிகளை ஒருமுறை படித்துவிட வேண்டும். நீளமானதல்ல, ஒரு மாலையில் முடித்துவிடலாம். டாக்டருக்கோ அவர் குடும்பத்துக்கோ சொந்த உபயோகத்துக்குப் பரிசு கொடுக்கக் கூடாது. சாம்பிள் கொடுக்கலாம், ஆனால் ஒரு மருந்துக்கு ஒரு டாக்டருக்கு ஆண்டுக்கு 12 பேக்குக்கு மேல் கூடாது. நிறுவனம் கொடுக்கும் சாம்பிள்களின் மொத்த மதிப்பு அதன் ஆண்டு உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தூக்க மாத்திரை வகைகளுக்கு சாம்பிளே கிடையாது. எந்த நிபந்தனையும் சொல்லாமல் ஒரு மருந்தைப் 'பாதுகாப்பானது' என்று சொல்லக் கூடாது. ஓராண்டுக்கு மேலாக இந்தியாவில் கிடைத்துவரும் மருந்தைப் 'புதியது' என்று சொல்லக் கூடாது. டாக்டரைச் சந்திக்க அனுமதி பெறுவதற்காக ரெப் எந்த ஆசையும் காட்டக் கூடாது, பணமும் தரக் கூடாது. ரெப் செய்யும் காரியங்களுக்கு நிறுவனமே பொறுப்பு. இவ்வளவும் நடைமுறையில் இருக்கும்போது, எப்பாடுபட்டாவது திருப்திப்படுத்துவேன் என்று எழுதும் ஒருவரை ஒரு மேனேஜர் துணிந்து எடுப்பாரா? அதற்குப் பதிலாக, 'யூ.சி.பி.எம்.பி. விதிகளைப் படித்திருக்கிறேன், அதற்கு உட்பட்டு வேலை செய்வேன்' என்று ஒரே வரி போதும். புதிதாக வருகிறவர்களில் இதை எழுதுகிறவர் மிகக் குறைவு என்பதால் அந்த வரி தனியாகத் தெரியும்.

அடுத்தது ஊரும் வண்டியும். மேனேஜருக்கு இவை மிக முக்கியம், மாதிரிக் கடிதத்தில் இவை அறவே இல்லை. விளம்பரத்தில் ஹெட்குவார்ட்டர்ஸ், அதாவது ரெப் தங்கி வேலை பார்க்கும் ஊர், திருச்சி என்றோ கரூர் என்றோ போட்டிருப்பார்கள். எந்த ஊருக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதை மின்னஞ்சலின் பொருள் வரியிலேயே எழுத வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்து ஊருக்கு ஆள் தேடுபவர், ஊர் இல்லாத கடிதத்தை எந்தக் கட்டில் வைப்பார்? ரெப்பின் மாதம் முழுவதும் உள்ளூரிலேயே போகாது. திருச்சியில் இருந்தால் லால்குடி, முசிறி, மணப்பாறை போன்ற ஊர்களுக்குக் காலையில் போய் இரவு திரும்ப வேண்டும். இன்னும் தொலைவென்றால் இரவு தங்க வேண்டும். டூர் பிளான் போட்டாயிற்று என்றால் மழையானாலும் போயாக வேண்டும். ஆகவே, இருசக்கர வாகனம் இருக்கிறதா, ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா, வெளியூர் போய்த் தங்கச் சம்மதமா, அந்தப் பகுதி பழக்கமானதா என்று இரண்டு வரியில் எழுதிவிட வேண்டும். வண்டி இல்லையென்றால் இல்லை என்றே எழுதலாம், சேர்வதற்குள் ஏற்பாடு செய்துகொள்வேன் என்று சேர்த்து எழுதலாம். மறைத்துவிட்டு நேரில் சொல்லும்போதுதான் சங்கடம் வருகிறது.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 'வெளியூர் போக வீட்டில் சம்மதிப்பார்களா' என்ற கேள்வி ஆண் பிள்ளையின் கடிதத்தைப் படிக்கும்போது எந்த மேனேஜர் மனதிலும் எழுவதில்லை, பெண் பெயரைப் பார்த்ததும் எழுகிறது. இது தவறு, மேனேஜர்கள் மாற வேண்டும், மெல்ல மாறியும் வருகிறார்கள். அதுவரை, 'என் பெற்றோர் அனுமதி அளித்துள்ளனர்' என்று எழுதி அந்தக் கேள்விக்குத் தலைவணங்க வேண்டாம். 'ஸ்கூட்டர் ஓட்டுவேன், உரிமம் உண்டு, முசிறி, துறையூர் வழித்தடத்தில் வேலை செய்யத் தயார்' என்று உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். என்னிடம் வேலை பார்த்த பெண்கள் மழைநாளில் கால் ரிப்போர்ட்டை, அதாவது டாக்டர்களைச் சந்தித்த கணக்கை, குறைத்ததில்லை. கல்யாணம் ஆகிவிட்டதா, ஆகவில்லையா என்பதையும் கடிதத்தில் எழுதத் தேவையில்லை. ஆணோ பெண்ணோ, தந்தை பெயர், சாதி, மதம், ஆதார் எண் எதுவும் அந்தக் கடிதத்தில் வேண்டாம். கல்யாணத் தரகரிடம் கொடுக்கும் ஜாதகக் குறிப்பைப் போல இதையெல்லாம் பட்டியலிடும் பயோடேட்டா வழக்கம் இன்னும் போகவில்லை.

ஏற்கெனவே வேறு நிறுவனத்தில் ரெப்பாக இருந்து மாற நினைப்பவர்களின் கடிதம் வேறு வகை. அவர்கள் எழுதும் பொதுவான வரி 'இலக்கில் 140 சதவீதம் சாதித்தேன்' என்பது. படிப்பவர் மனதில் உடனே எழும் கேள்வி, பிரைமரியா, செகண்டரியா? கம்பெனி ஸ்டாக்கிஸ்ட்டுக்கு விற்பது பிரைமரி. ஸ்டாக்கிஸ்ட்டிடமிருந்து கடைகளுக்குப் போவது செகண்டரி. மாதக் கடைசியில் ஸ்டாக்கிஸ்ட்டின் கையைப் பிடித்துக் கெஞ்சிச் சரக்கை இறக்கிவிட்டால் பிரைமரி கூடிவிடும். அடுத்த மாதம் அதே சரக்கு அப்படியே அங்கே கிடக்கும், சில மாதம் கழித்து எக்ஸ்பயரியாகத் திரும்பி வரும். இதைத் தொழிலில் இருக்கும் எவரும் அறிவார்கள். ஆகவே செகண்டரியைச் சொல்லுங்கள். எந்த மருந்து, எந்த ஊரில், எத்தனை புதிய டாக்டர்கள் எழுத ஆரம்பித்தார்கள், எந்தக் கடைகளில் முன்பு இல்லாத சரக்கு இப்போது நிற்கிறது என்று சொல்லுங்கள். எண் சிறியதாக இருந்தாலும் உண்மையாக இருக்கட்டும். திருச்சி மாதிரி ஊரில் ஸ்டாக்கிஸ்ட் எல்லோருக்கும் பொதுவானவர். நீங்கள் எழுதியது சரியா என்று மேனேஜர் மாலைக்குள் ஒரு போனில் தெரிந்துகொள்வார். முந்தைய நிறுவனத்தை விட்டது ஏன் என்று ஒரு வரி எழுதலாம். அதைத் திட்டி எழுத வேண்டாம். இடையில் சில மாதம் வேலை இல்லாமல் இருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொண்டேன் என்றால் அதைப் புரிந்துகொள்ளாத மேனேஜர் இல்லை.

அறிவியல் படிக்காதவர்களும் கேட்கிறார்கள். பி.பார்ம்., டி.பார்ம்., பி.எஸ்சி. படித்தவர்களுக்கே முன்னுரிமை என்பது உண்மை. ஆனால் பி.காம்., பி.ஏ. படித்தவர்களையும் எடுக்கும் நிறுவனங்கள் உண்டு. பட்டத்தை மங்கலாக்கி 'பட்டதாரி' என்று மட்டும் எழுதுவதைவிட, வரலாறு படித்தேன், மருந்துகளின் பெயரையும் வேலையையும் இன்ன விதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதுவது மேல். சேர்ந்த பிறகு எப்படியும் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, மதிப்பெண் பார்த்துத்தான் களத்துக்கு அனுப்புவார்கள்.

கேட்பவர்களுக்காக ஒரு கடிதத்தை எழுதிக் காட்டுகிறேன். அனுப்பும்போது ஆங்கிலத்தில் அனுப்புவதுதான் வழக்கம். சொல்ல வேண்டியது இன்னது என்று தெளிந்துகொள்ள இங்கே தமிழில் தருகிறேன்.

"பொருள்: மருத்துவப் பிரதிநிதி, சர்க்கரை நோய்ப் பிரிவு, திருச்சி.

ஐயா, பி.எஸ்சி. வேதியியல் இந்த ஆண்டு முடித்தேன். ஊர் ஸ்ரீரங்கம். திருச்சி தலைமையிடத்துக்கான தங்கள் விளம்பரத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

எழுதும் முன் தில்லைநகரிலும் ஸ்ரீரங்கத்திலும் மருந்துக்கடைகளில் நின்று கவனித்தேன். சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர்கள் மாதத்துக்கு மொத்தமாக வாங்காமல் வாரத்துக்கு வாங்குகிறார்கள். சீட்டில் எழுதிய பிராண்ட் கடையில் இல்லாத நாளில் நோயாளி வேறு கடைக்குப் போகிறார், அல்லது நான்கு நாள் மாத்திரை இல்லாமலே இருந்துவிடுகிறார். டாக்டரைப் பார்ப்பது போலவே கடையில் சரக்கு தொடர்ந்து இருக்கப் பார்ப்பதும் இந்த வேலை என்று புரிந்துகொண்டேன். அதைச் செய்ய எனக்கு விருப்பம்.

பைக்கும் ஓட்டுநர் உரிமமும் உண்டு. முசிறி, துறையூர், பெரம்பலூர் போய்வரவும், தேவையானால் தங்கவும் தயார். யூ.சி.பி.எம்.பி. விதிகளைப் படித்திருக்கிறேன். சந்திக்க ஒரு வாய்ப்புத் தர வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். கைபேசியில் ஒரு திரை, மிஞ்சினால் ஒன்றரைத் திரை. இதில் பெருமை பேசும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் படிப்பவருக்கு அந்தப் பையன் கண்ணெதிரே நிற்கிறான். இதையும் யாரும் பார்த்தெழுத வேண்டாம் என்று மன்றாடுகிறேன். நடுப் பத்தி ஒவ்வொருவருக்கும் அவரவர் நின்ற கடையிலிருந்து வர வேண்டும். ஒரே பத்தி இரண்டு கடிதத்தில் வந்தால் இரண்டுமே போய்விடும்.

அனுப்பும் முறை பற்றிச் சுருக்கமாக: கடிதத்தை மின்னஞ்சலின் உள்ளேயே எழுதுங்கள், பயோடேட்டாவை மட்டும் பி.டி.எஃப். ஆக இணையுங்கள். கோப்புக்கு உங்கள் பெயரையும் ஊரையும் பெயராக வையுங்கள். எப்போதும் எடுக்கக்கூடிய ஒரு கைபேசி எண் போதும்.

இன்னொன்று, பெற்றோர்களும் படிக்க வேண்டியது. வேலைக்கு முன்பணம், பயிற்சிக் கட்டணம், சாம்பிள் பைக்கு டெபாசிட் என்று யார் பணம் கேட்டாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஒழுங்கான நிறுவனம் எதுவும் ரெப்பிடம் பணம் கேட்காது. சேரும்போது பணி நியமனக் கடிதம் எழுத்தில் வாங்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் சட்டம் அதை ரெப்புகளின் உரிமையாக்கியது. ரெப்புகளின் தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற சட்டம் அது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. வேலைக்குக் கடிதம் எழுதிய பிள்ளைக்குப் பதிலாக வர வேண்டிய கடிதம் அது. 'முதலில் வேலையைப் பார், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்' என்பதை ஏற்கக் கூடாது.

ஆசிரியர் அவர்களுக்கு என் கோரிக்கை இதுதான். தங்கள் இணைப்பைக் கிராமத்து நூலகங்களில் எத்தனையோ பிள்ளைகள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அச்சில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறார்கள். இனி எந்த வேலைக்கு மாதிரிக் கடிதம் வெளியிட்டாலும், அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் ஒருவரிடம் காட்டிவிட்டு வெளியிடுங்கள். மருந்துத் துறைக்கென்றால் நான் பார்த்துத் தரத் தயார். திருச்சியிலுள்ள கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள் அழைத்தாலும் வருகிறேன், கட்டணம் வேண்டாம். மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கடிதம் எழுத வைத்து ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்தித் தருவேன். அவர்கள் வருவதற்கு முன் ஏதாவது ஒரு மருந்துக்கடையில் போய் நின்றுவிட்டு வரும்படி மட்டும் கல்லூரி சொல்லி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏரியா மேனேஜர்,
திருச்சிராப்பள்ளி.